எத்தனையாவது மாசம் என்று கேட்டேன்

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்பும் உண்டு, அதனால் ஒரு நூலகமும் உண்டு. இரண்டாம் மாடியில் மேற்குப் பார்த்த அறை. சன்னலைத் திறந்தால் போடிமெட்டுக்கு ஏறுகிற ரோடு வளைந்து வளைந்து தெரியும், ஜீப்புகள் எறும்பு மாதிரி போகும். அங்கே நான் உதவியாளர். புத்தகத்தைத் துடைப்பேன், அடுக்குவேன், கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீசில் எண் தெரியும், பெரிய எழுத்துத் தெரியும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த அறையில் எது எங்கே இருக்கிறதென்று என்னைக் கேட்காமல் பெரிய டாக்டரே எடுத்துவிட முடியாது.

அதற்கு முன்னால் பாதி ஆயுசு ஏலக்காய்க் கம்பெனியில் காய் பொறுக்கினேன். முதுகு வலி வந்து நின்றபோதுதான் இந்த வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. நூலகர் அம்மாவுக்குச் சொந்த ஊர் தேவாரம். யானை இறங்கி அவர் அப்பாவின் தென்னங்கன்றுகளை மிதித்துவிட்டதென்று இரண்டு நாள் லீவில் போயிருந்தார். சும்மா உட்கார்ந்திருக்க என் உடம்பு கேட்காது. அலமாரியைப் பார்த்தால் பெரிசும் சிறிசுமாகக் கலந்து கிடக்கிறது. கம்பெனியில் காயை அப்படி விட்டு வைத்தால் மேஸ்திரி சும்மா இருப்பாரா? எட்டு எம்எம் காய் தனி, ஏழு தனி, அதற்குக் கீழே தனி. பிறகு நிறம் பார்த்துப் பச்சை தனி, வெளுத்தது தனி. அந்தக் கணக்கிலேயே இரண்டு நாளில் மொத்த நூலகத்தையும் முடித்துவிட்டேன்.

திரும்பி வந்த நூலகர் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். அவரை நான் தாயி என்பேன், அவர் என்னை ஆத்தா என்பார்.

"என்ன ஆத்தா செஞ்சு வச்சிருக்கீக?"

"தரம் பிரிச்சிருக்கேன் தாயி."

"இருதயமும் சொறிசிரங்கும் ஏன் பக்கத்துல பக்கத்துல இருக்கு?"

"ரெண்டும் பச்சை அட்டை. அளவும் ஒண்ணு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பழையபடி வைக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளில்தான் புத்தக முதுகில் ஒட்டியிருக்கிற எண் எதற்கென்று படித்தேன். பஸ்சு நம்பர் மாதிரிதான் அது. எந்தப் புத்தகம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடும்.

இப்படியே சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருசம் ஒரு புது விதி வந்தது. மருத்துவப் புத்தகம் இருக்கிற நூலகத்தில் வேலை செய்கிற எல்லோரும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வர வேண்டுமாம். சான்றிதழ் இல்லாதவருக்கு அங்கே வேலை கிடையாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனுசன்தான், அவசரக்காரர்.

"பெரியம்மா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை. கீழ சலவை ரூமுக்குப் போயிருங்க. அதே சம்பளம். துணிய மடிச்சு அடுக்குற சோலிதான்."

நான் வாய் திறக்குமுன் கூட வந்திருந்த நூலகர் அம்மா பேசினார். "விதியில எல்லாரும்னுதான் சார் போட்டிருக்கு. இங்கிலீசு படிச்சவங்க மட்டும்னு போடல."

"கடைசி நாள் பரீட்சை வைப்பாங்கம்மா."

"வைக்கட்டும்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "சரி, போயிட்டு வாங்க. சான்றிதழ் வரலன்னா திங்கக்கிழமையிலருந்து சலவை. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

சலவை அறைக்காரிக்கு அதற்குள் சேதி போய்விட்டது. எனக்கு மதினி முறை ஆக வேண்டும். படியில் மறித்துக்கொண்டாள். "வாங்க மதினி, வாங்க. தூசியில தும்மிக்கிட்டுக் கெடக்குறதுக்கு இங்க ஃபேனடியில உக்காரலாம். பேச்சுத் தொணைக்கும் ஆளாச்சு."

அவள் சொன்னதில் தப்பில்லை. சலவை அறை கேவலமான இடமும் இல்லை. ஆனால் அங்கே யாரும் என்னிடம் வந்து ஒன்றைக் கேட்கப் போவதில்லை. மேலே ஒரு பிள்ளை முகத்தைச் சுருக்கிக்கொண்டு வரும், புத்தகத்தை வாங்கிப் புரட்டும், முகம் தெளிந்து போகும். மேஸ்திரிக்குக்கூடப் பயப்படாத எனக்கு, அதைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று பயம் வந்தது.

நானும் நூலகர் அம்மாவும் போடியில் ரயிலேறி மதுரைக்குப் போனோம். மூன்று நாள் பயிற்சி, ஒரு மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஏசி போட்ட அறை. சுற்றிலும் பல ஊர் மருத்துவக் கல்லூரி நூலகர்கள். ஒவ்வொருவராக எழுந்து பேரையும் படிப்பையும் சொன்னார்கள். படிப்புகள் எல்லாம் எழுத்தெழுத்தாக நீண்டு போயின. என் முறை வந்தது. "மொதல்ல காய் பொறுக்குனேன், இப்பப் புத்தகம் எடுத்துக் குடுக்குறேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் நரைத்த தலைக்காரர், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

முதல் நாள் எனக்கு இனித்தது. மருந்து மாறிக்கொண்டே இருக்கிறது, வைத்தியம் மாறுகிறது, அதனால் டாக்டர் சாகும்வரை படிக்கிறார், புத்தகத்தை வைத்திருக்கிற நாம் மட்டும் ஒரு தடவை படித்தது போதும் என்று உட்காரலாமா என்று பயிற்சிக்காரர் கேட்டார். மருந்தின் அளவு சொல்லுகிற புத்தகம் பழசாகிவிட்டால் அதை அலமாரியை விட்டு எடுத்துவிட வேண்டும், பழைய அளவைப் பார்த்து யாராவது ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். புத்தகத்தை எறிவது பாவம் என்று நினைத்திருந்தவள் நான். இப்போது பார்த்தால், எறியாமல் வைத்திருப்பதுதான் பாவம். பக்கத்தில் இருந்த ஒரு தாடிக்காரர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். நான் மனசில் போட்டுக்கொண்டேன், அங்கே இடம் நிறைய இருந்தது.

இரண்டாம் நாள் கம்ப்யூட்டர். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்த அம்புக்குறி கடுகு சிந்தினது மாதிரி ஓடியது. நான் கிழக்கே தள்ளினால் அது மேற்கே போனது. அரை நாள் முயன்று ஒரு வார்த்தையை அடித்து முடித்தேன், அதுவும் தப்பு. பயிற்சிக்காரர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் தாளில் எதையோ குறித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் இட்லிக் கடையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன ஆத்தா, நாலு சட்னி ஊத்தியிருக்கான், சும்மா பாத்துக்கிட்டிருக்கீக?"

"சலவை ரூமுல ஃபேன் இருக்குன்னு சொன்னா தாயி."

"அந்த ஃபேனு ஓடி ஆறு மாசமாச்சு. இட்லியத் தின்னுங்க."

தின்றேன்.

மூன்றாம் நாள் பரீட்சை. எழுதுகிற பரீட்சை கிடையாது. ஒரு மேசை, பக்கத்தில் ஒரு அலமாரி, ஒரு கம்ப்யூட்டர். அங்கே வேலை செய்கிற நர்சு ஒருத்தி படிக்க வந்தவளாக நடிப்பாள். அவளுக்கு உண்மையில் என்ன வேண்டுமென்று அவள் கையில் ஒரு சீட்டு இருக்கும், அதை மடித்து வைத்திருப்பாள். வாயால் அரைகுறையாகத்தான் கேட்பாள். மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் பத்து நிமிசத்துக்குள் அவள் தேவையைக் கண்டுபிடித்துச் சரியான புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் சீட்டு மாறும். எனக்கு முன்னால் போன தாடிக்காரர் கம்ப்யூட்டரில் சடசடவென்று தட்டி, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சீட்டில் இருந்தது வேறு.

நான் போய் உட்கார்ந்தேன். நர்சு வந்தாள்.

"பிரஷர் பத்தி ஒரு புக் வேணும்மா."

எங்கள் ஆஸ்பத்திரியாக இருந்தால் நான் ஒன்பது கேள்வி கேட்டிருப்பேன். இங்கே பயிற்சிக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கை மட்டும் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு வடநாட்டிலிருந்து காய் வாங்க வருகிறவர்கள் தங்களுக்கு எது வேண்டுமென்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் விலை ஏறும். அதனால் நாங்கள் மூன்று தட்டில் மூன்று வகைக் காயை வைத்துவிட்டு அவர்கள் விரலைப் பார்ப்போம். வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது. அந்த ஞாபகத்தில் அலமாரிக்குப் போய் முதுகிலுள்ள எண்ணைப் பார்த்து மூன்று புத்தகம் எடுத்தேன். மூன்றையும் படம் இருக்கிற பக்கமாகத் திறந்து அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். ஒன்றில் இருதயம். ஒன்றில் சிறுநீரகம். ஒன்றில் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு தாய்.

அவள் இருதயத்தைப் பார்த்தாள். சிறுநீரகத்தைப் பார்த்தாள். மூன்றாவது படத்தின் மேல் அவள் விரல் போய் உட்கார்ந்தது. காட்டிக் கொடுக்கக் கூடாதென்று அப்புறம் ஞாபகம் வந்து, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு நாக்கு வந்துவிட்டது.

"எத்தனையாவது மாசம்?"

அவள் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மடித்த சீட்டை மேசையில் போட்டாள். கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறினால் என்ன செய்வதென்று படிக்க வந்திருக்கிறாளாம். மூன்றாவது புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

தாடிக்காரர் எழுந்தார். "சார், கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. புத்தகத்த எடுக்குறதுக்கு முன்னால இவங்க ஒண்ணுமே கேக்கலையே."

அது நியாயமான பேச்சுதான். பயிற்சிக்காரர் என்னைப் பார்த்தார். "அம்மா, படம் இல்லாத புத்தகமா இருந்தா என்ன செய்வீங்க?"

"படம் இல்லாட்டி வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான் சார்."

"அப்ப என்கிட்ட கேளுங்க" என்று அவரே எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "சக்கரை வியாதி பத்தி ஏதாவது வேணும்."

இப்போது எனக்குப் பயம் போயிருந்தது. "யாருக்கு சார், பெரியவுகளுக்கா புள்ளைக்கா? நீங்க படிக்கவா, நோயாளி கையில குடுக்கவா? அவுக என்ன வேலை செய்றாக? எஸ்டேட்டுல மலையேறி எறங்குறவுகளுக்கும் கடையில உக்காந்திருக்கிறவுகளுக்கும் ஒரே சாப்பாடு சொல்ல முடியாதுல்ல. இங்கிலீசு வேணுமா தமிழா? மலையாளம்னா எங்ககிட்ட ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கு, அதுவும் கிழிஞ்சிருக்கு."

"போதும்மா" என்றார். பேனாவை மூடிவிட்டார். தாடிக்காரர் மறுபடி நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன். "மூணு புத்தகம், தொறந்து வைக்கணும்" என்றார்.

சான்றிதழ் கையில் வந்த பிறகு ரயிலில் நூலகர் அம்மா அதை வாசித்துக் காட்டினார். உசிலம்பட்டி வருவதற்குள் மூன்று தடவை வாசிக்க வைத்தேன். கம்ப்யூட்டரில் இன்னும் பழக வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் அவர் வெரசாகப் படித்தார்.

"அது என்ன தாயி, அந்த எடத்துல ரயிலு மாதிரி ஓடுற?"

"உள்ளதுதான ஆத்தா போட்டிருக்கு."

"உள்ளதுதான். மெதுவாப் படி."

திங்கட்கிழமை காலையில் நாங்கள் இருவரும் மேனேஜர் முன்னால் போய் நின்றோம். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கோப்பில் வைத்தார்.

"சரி பெரியம்மா, மேலயே இருங்க. ஆனா ஒண்ணு, இது ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும். அப்புறம் திரும்பப் போகணும். விட மாட்டாங்க."

"போறேன் தம்பி. அது எந்த ஊருல நடக்கும்?"

"யாருக்குத் தெரியும். கோயம்புத்தூரோ, சென்னையோ."

"சென்னைன்னா முன்கூட்டியே சொல்லிப்புடுங்க. நான் கடலப் பாத்ததில்ல."

கேலி செய்கிறேனா என்று அவர் நூலகர் அம்மாவைப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை.

மாடியில் நர்சுப் படிப்புப் பிள்ளைகள் நாலு பேர் கதவு திறக்க நின்றிருந்தார்கள். சாவி என்னிடம்தான் இருந்தது. படியேற எனக்குக் கொஞ்சம் நேரமாகும். காத்திருந்தார்கள்.