அடுத்த வீட்டுக் குழாய்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எங்கள் பக்கம் அது படுக்கையறைச் சுவர். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குள் நான் போனதே இல்லை. ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். மனைவி இறந்து போயிருந்தார். ஒரே மகள் பெரம்பூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மெஸ்ஸிலிருந்து அவருக்குச் சாப்பாட்டுக் கேரியர் வரும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவார். எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொன்னால் தலையை அசைப்பார், அதோடு சரி.

சுவரில் ஈரம் தெரிந்தபோது மழையின் மிச்சம் என்றுதான் நினைத்தேன். கடலோரத்து வீடுகளில் சுவர் உப்புப் பூப்பது புதிதல்ல. ஆனால் தை பிறந்தும் ஈரம் காயவில்லை. முழங்கால் உயரத்துக்கு ஏறியது, சுண்ணாம்பு பெயர்ந்து பாயில் விழுந்தது. துணி வைக்கும் தகரப் பெட்டியை நகர்த்தினால் அடியில் துருக் கறை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு இழுப்பு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு வயதுகூட ஆகாத பெண் குழந்தை. மூச்சு விடும்போது நெஞ்சுக் குழி உள்ளே போய்ப் போய் வரும். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, ஈரத்தில் படுக்க வைக்காதே என்று சொன்னார். இருந்ததே ஒரு அறை. வேறு எங்கே படுக்க வைப்பது?

என் கணவர் துறைமுகத்துப் பட்டறையில் வெல்டர். கோபக்காரர் இல்லை, ஆனால் குழந்தையின் இழுப்பு அவரை ஆட்டி வைத்தது. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பெரியவர் கதவைப் போய்த் தட்டினார்.

"நைனா, உங்க வூட்ல எங்கயாச்சும் தண்ணி ஒழுவுதா பாரு. எங்க செவுரு ஊறிக்கினு கீது."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இங்க ஒண்ணும் ஒழுவல. உன் பைப்ப பாரு தம்பி."

அடுத்த வாரம் இன்னொரு முறை தட்டினார். அதே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் உளியும் சுத்தியலும் எடுத்துவந்து சுவரை உடைக்க ஆரம்பித்தார். எங்கள் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடியது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். காரையும் செங்கலும் உதிர்ந்தன. கடைசியில் குழாய் தெரிந்தது. அதை முனையிலிருந்து முனைவரை கையால் தடவிப் பார்த்தார். எங்கும் விரிசல் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த செங்கல் கையில் கரைந்தது. அந்தப் பக்கத்து ஈரம்.

"பொய் சொல்லிக்கினு கீறாரு அந்தப் பெருசு," என்று எழுந்தார். கையில் குழாய் திருகும் பைப் ரிஞ்சு இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். குழந்தையைப் பார்த்தாலாவது சண்டை முற்றாது என்று ஒரு நினைப்பு.

இந்த முறை தட்டவில்லை, தள்ளினார். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது, கதவு திறந்துகொண்டது.

நடையெல்லாம் கோணிப்பை விரித்திருந்தது. எல்லாம் ஊறி, மிதித்தால் தண்ணீர் கசிந்தது. பின்கட்டில், எங்கள் சுவரை ஒட்டி, குழாய். அதன் வாயையும் கைப்பிடியையும் வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். துணி வழியாகத் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வாளி, அண்டா, குண்டான் எல்லாம் நிரம்பி வழிந்தன. பெரியவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் சொம்பு சொம்பாக மொண்டு சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. எங்களைக் கண்டதும் அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் மாதா கோயிலுக்குப் போய் எத்தனையோ வாரம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் கணவர் பைப் ரிஞ்சைத் தரையில் வைத்தார்.

"எப்பலேர்ந்து நைனா?"

பெரியவர் பேசியபோது வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"மயைக்கு முன்ன. காலைல எயுந்தா கை வரல. ரெண்டு நாள்ல கால் சரியாப் போச்சு. கை வரல."

"டாக்டராண்ட போனீங்களா?" என்று நான் கேட்டேன்.

"போனா அவன் எம் பொண்ணாண்ட சொல்லுவான். அது வந்து இட்டுக்கினு பூடும். நீங்களும் சொல்லாதீங்க. நான் என் பொஞ்சாதியோட வாழ்ந்த வூடும்மா இது." பிறகு குழாயைப் பார்த்தார். "ராத்திரி பகலா இன்ஜின் ஓட்டின கை. ஒரு கொயாவ மூட முடியல. எதிர்ல வந்து இன்னான்னு சொல்லுவேன்?"

குழந்தைக்கு அப்போது மூச்சு இரைந்தது. அவர் அதைக் கேட்டார். என் இடுப்பில் இருந்த குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு என்னாலயா?"

ஆமாம் என்று சொல்லத்தான் நாங்கள் வந்திருந்தோம். "அதுக்குச் சளி, நைனா," என்றார் என் கணவர்.

அன்றைக்கே அவர் குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினார். அடைத்திருந்த சாக்கடையையும் குத்திவிட்டார். நான் கோணிகளை இழுத்துப் போய்க் காயப் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். நாலைந்து நாளில் சுவர் மறுபடி ஈரமாயிற்று. புது வாஷராக இருந்தால் என்ன, திருகி மூடக் கை வேண்டுமே. இடது கையில் அவருக்கு அவ்வளவு வலு இல்லை.

என் கணவர் கால் சுற்றிலேயே மூடும் வேறு வகைக் குழாய் ஒன்று வாங்கி, அதைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். கைப்பிடியை அறுத்துவிட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். பார்க்க நன்றாக இல்லை. மாட்டிவிட்டு, "அமுக்குங்க நைனா," என்றார். பெரியவர் இடது முழங்கையைக் கம்பி மேல் வைத்துச் சாய்ந்தார். தண்ணீர் நின்றது. திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் திறந்து மூடும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் வாளியைத் தூக்குவதற்குக் கம்பி உதவாது. ஒரு நாள் மீன் குழம்பும் சோறும் கொண்டுபோனேன். கூடவே வாளியையும் குளியலறைக்குத் தூக்கி வைக்கப் போனேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் இன்னா பிச்சையா கேட்டேன்? எட்துக்கினு போ."

அழுகை வந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்று காலிக் குடங்களோடு போய் நின்றேன்.

"எங்க கொயால தண்ணி சொட்டுதான் வருது நைனா. உங்க வூட்ல வேகமா வருது. புடிச்சுக்கட்டுமா?"

அது உண்மைதான். மெயின் பைப்புக்கு அவர் வீடுதான் முதல். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு முறை கம்பியைத் தள்ளிவிட்டு, "புடிச்சுக்கோ," என்றார்.

அதிலிருந்து தினமும் காலையில் போவேன். என் குடங்களோடு அவருடைய வாளியும் நிரம்பும், அது குளியலறைக்கும் போய்விடும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. சில நாள் கழித்து, "அன்னிக்கு எட்துக்கினு வந்தியே, அந்தக் கொயம்பு இன்னா மீனு?" என்று கேட்டார். வஞ்சிரம் என்றேன். "ம்," என்றார். மறுநாள் கொண்டுபோனேன். முழுவதையும் சாப்பிட்டார்.

எங்கள் சுவர் காய ஒரு கோடை முழுவதும் ஆயிற்று. உடைத்த இடத்தை என் கணவரே பூசினார். குழந்தைக்கு இழுப்பு குறைந்தது, பிறகு நின்றே போனது.

அதுவரை ஏதேதோ சாக்குச் சொல்லி மகளை வரவிடாமல் வைத்திருந்தார்; அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது விஷயம் தெரிந்தது. மறைக்க முடியுமா? கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் மேல் கோபப்பட்டாள், ஒரு தபால் கார்டு போடக் கூடாதா என்று. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதிலும் நியாயம் இருந்தது. உடனே கூட்டிப்போக நின்றவளிடம் அவர், "இன்னும் கொஞ்ச நாள்மா," என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை. அவளும் கண்டிருக்க மாட்டாள். விட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தாள்.

ஒன்றரை வருடம் போல அப்படியே ஓடியது. அப்புறம் பெரியவருக்கு நடையில் கால் தடுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. இந்த முறை அவரே மகளுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்.

பெரம்பூருக்கு நாங்கள் அவரைப் பார்க்கப் போனோம். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. என் கணவரைப் பக்கத்தில் இழுத்து, "ஒரு வேல செய்ய வுட மாட்றா தம்பி," என்றார். "காப்பிய ஆத்தி ஆத்திக் குடுக்கறா. நான் இன்னா கொயந்தையா?"

"எனக்குக் காது கேக்குதுப்பா," என்று சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"கேக்கணும்னுதான் சொல்றேன்," என்றார் அவர்.