நீலம் மேலே, பச்சை கீழே, நடுவில் நான்

மற்ற ஊர்களில் டி.வி. மெக்கானிக்குக்குப் படம் தெரிந்தால் வேலை முடிந்தது. காஞ்சிபுரத்தில் கலரும் தேற வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. பெட்டிகள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். மொட்டை மாடியில் ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பிக் கட்டினால், காற்று மனசு வைக்கிற நாட்களில் படம் வரும். அதிலே கலரும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்காக ஒரு பிளாஸ்டிக் தாள் வந்தது. மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. திரைமேல் ஒட்டிவிட்டால் கலர் டி.வி.! நான் வேலை பார்த்த கடையில் அதை விற்றதும் நான், வீடு வீடாகப் போய் ஒட்டியதும் நான், அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான். ரிப்பேர் தொழிலில் உழலும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

சாயக்காரர் கண்

முதல் தாளை ஒட்டியது பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் வீட்டில். எனக்குப் போதாத காலம். முழங்கை வரை சிவப்பேறிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். தலை நீலம், முகம் ஆரஞ்சு, சட்டை பச்சை. மனுஷன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. எழுந்து போய்த் தாளின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நீலம் சரியாப் புடிக்கலபா. அவசரத்துல எடுத்துட்டான். இன்னும் ரெண்டு முக்கு போட்டிருக்கணும்."

தென்னேரியில் வெள்ளம்

ஏரிக்கரைக் கிராமமான தென்னேரிக்குப் போய் ஒரு விவசாயி வீட்டில் தாள் ஒட்டினேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அதாவது வானம் பச்சை, தரை நீலம். ஒரு மாசம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோதுதான் பார்த்தேன். பெரியவர் திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே, "லேசா ஒரு அட்ஜஸ்ட்மென்ட்" என்று முணுமுணுத்தபடி தாளைத் திருப்பி ஒட்டினேன். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியேபா. இத்தினி நாளா எல்லாரும் நம்ம ஏரியில நின்னுக்கினுதான் பேசறாங்கன்னு பார்த்துக்கினு இருந்தோம்."

கல்யாணப் புடவை

சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். இதை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

சபாபதி என்று ஒரு நெசவுக்காரர். சொந்தமாக நாலு தறி வைத்திருந்தார். "உள்ள இருக்கிற கலரை இந்தத் தாள் வெளிய இழுத்துக்கினு வரும் சார்" என்று கூசாமல் சொல்லி அவருக்கு ஒரு தாளை விற்றிருந்தேன். ஒருநாள் சாயங்காலம், கலர் தகராறு, உடனே வா என்று ஆள் அனுப்பினார். போனால் வீடே கலவரமாக இருந்தது. அவர் மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நாற்பது நாள்தான் பாக்கி. போன வெள்ளிக்கிழமை டி.வி.யில் பாடிய ஓர் அம்மா கட்டியிருந்த புடவையைப் பார்த்துவிட்டு, அதே கலரில்தான் முகூர்த்தப் புடவை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். என்ன கலர் என்பதில்தான் அடிதடி.

"ஆரஞ்சு உடல், பச்சைக் கரை. ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றார் மல்லிகாவின் அம்மா.

"அது உட்கார்ந்திருந்தப்போ. எழுந்து நின்னதும் தோள்பட்டையெல்லாம் நீலமாயிடுச்சே!" என்றார் சபாபதி. பிறகு என் பக்கம் திரும்பினார். "காலையில நூல் சாயத்துக்குப் போவணும் தம்பி. பாவு நூல் தறியில ஏறிட்டா அப்புறம் மாத்த முடியாது. உன் பெட்டியில எது நிஜக் கலர்? நீ சொல்றதுதான் முடிவு."

ஆரஞ்சு என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். வாயில் வார்த்தையும் வந்துவிட்டது. கல்யாணப் பெண் சுவரில் சாய்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயுசுக்கும் பெட்டியில் வைத்துக் காப்பாற்றப்போகிற புடவை அது. என் ஒரு பொய்யை அவள் உடம்பில் சுற்றிவிடுவதா என்று நினைத்ததும் எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. தாளைப் பிய்த்தெடுத்தேன். திரையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை சாம்பல்.

"கலர் இந்தத் தாள்லதான் இருக்குது. படத்துல கிடையாது. நான் சொன்னது பொய், மன்னிச்சுக்கங்க" என்றேன்.

சபாபதி தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவர் மனைவிக்கு இன்னும் ஆறவில்லை. "அப்போ அந்தம்மா என்ன கலர்தான் கட்டிக்கினு இருந்தாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, இந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்றேன். அடி விழும் என்று நினைத்து வாசல் பக்கம் ஒரு கண் வைத்திருந்தேன். அப்போதுதான் மல்லிகா வாயைத் திறந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது.

"ஒரு வாரமா டி.வி.யைக் கேட்டீங்க, மெக்கானிக்கைக் கேட்டீங்க. கட்டிக்கப்போற என்னை ஒருத்தரும் கேக்கலையேப்பா. எனக்கு அரக்குதான் வேணும்."

அந்தத் தொழிலில் எத்தனையோ வீடுகளில் கலர் சரிபண்ணியிருக்கிறேன் சார், உருப்படியாகச் சரியானது நான் தாளைப் பிய்த்தெடுத்த அந்த ஒரு வீட்டில்தான்.