ரசூல் பாய் பூட்டி வைத்த முடிவு

தொண்ணூற்றேழில் மந்தைவெளி குலாம் ரசூலின் வாடகை நூலகத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தது. அவர் அலமாரியில் இருந்த ஒரு குடும்ப நாவலை டிவியில் தொடராகப் போட ஆரம்பித்திருந்தார்கள். வந்தவர்கள் அந்த நாவலை உருவி, நின்றபடியே கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். எடுத்துப்போக ஒருத்தருக்கும் மனசில்லை.

"இன்னா நைனா, இது லைப்ரரியா, பரீட்சை ரிசல்ட் பாக்குற எடமா?" என்று ரசூல் ஒருநாள் கத்தினார். நின்றிருந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ரசூலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் ஆசிஃப் வேறு உயிரை எடுத்தான். கடையைக் கேபிள் டிவி ஆபீஸாக மாற்ற வேண்டுமாம். "தெனம் ஒருத்தராவது புக் எடுக்குற வரிக்கும் இது லைப்ரரிதான். அந்த ஒருத்தரும் நின்னுட்டா சாவிய நானே குடுக்குறேன்" என்று ரசூல் வீம்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தர் சூடாமணி மாமி. பாட்டு வாத்தியார். வீட்டில் டிவியே கூடாது என்பவர்.

ஓசியில் படிப்பவர்களுக்கு ஒரு வழி பண்ணவேண்டும் என்று, ரசூல் கடைசி அத்தியாயத்தைக் கிழித்து மேசை டிராயரில் பூட்டினார். நாவலை ஒழுங்காக எடுத்துப்போய்ப் படித்துத் திருப்பினால்தான் முடிவு கையில் கிடைக்கும். வந்தவர்கள் பின்பக்கத்தைப் புரட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். நல்லா வேணும் என்று ரசூல் சந்தோஷமாகத் தொழுகைக்குப் போனார். கடையில் ஆசிஃப் இருந்தான்.

அதற்குப் பிறகு மாமியைக் காணவில்லை. வாரக் கடைசியில்தான் ஆசிஃப் வாயைத் திறந்தான்: "நீங்க தொழுவப் போன அன்னிக்கே மாமி அந்த டிவி கதை புக்க எடுத்துக்கினு போச்சே அத்தா."

"அட பாவி! முடிவு டிராயர்ல இருக்குன்னு மாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" கிழித்த தாள்களை எடுத்துக்கொண்டு ரசூல் ஓடினார். மாமி வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு டிவி அலறிக்கொண்டிருந்தது. விளம்பர இடைவேளையில் மாமி அங்கிருந்து வெளியே வந்தார்.

"இன்னா மாமி, இங்க?"

"பின்ன என்ன பாய், முடிவே இல்லாத புஸ்தகத்தக் குடுத்துட்டேளே! மனசு கேக்கல. டிவியிலயாவது பாக்கலாம்னு வந்தேன். தெனமும் வந்துண்டிருக்கேன்."

"தப்பு என்னுதுதான் மாமி. இதோ முடிவு, படிச்சிக்குங்க."

மாமி இரண்டு கைகளாலும் தடுத்தார். "ஐயையோ, காட்டாதீங்கோ! அடுத்த மாசம் அதுலயே வரப்போறது. இப்பவே தெரிஞ்சுண்டா பாக்க என்ன சுவாரஸ்யம்?"

"செரி, வேற புக்காவது..."

"இது முடிஞ்ச கையோட இன்னொண்ணு ஆரம்பிக்கறாளாம் பாய். எத்தன நாள் எதிராத்துல போய் உக்காரறது, நானே ஒரு டிவி வாங்கிடலாம்னு இருக்கேன்."

உள்ளே விளம்பரம் முடிந்து தொடரின் பாட்டு ஆரம்பித்தது. மாமி ஓடிவிட்டார்.

ரசூல் கடைக்குத் திரும்பி வந்து சாவிக்கொத்தை மகன் முன்னால் விட்டெறிந்தார்.

"ஆபீஸ் போட்டுக்கோ. மொத கனெக்‌ஷன் மாமி ஆத்துக்குக் குடு."