நான் சொல்லாமல் விட்ட வரி

அண்ணன் அன்று ஆலயத்தில் வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தார். நான்காவது வசனத்தில் சொற்கள் குழறின. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்: நல்லா வேணும். எல்லார் முன்னாலும் என்னைத் தலைகுனிய வைத்தவர், எல்லார் முன்னாலும் தடுமாறட்டும் என்று நினைத்தேன்.

பிறகுதான் அவர் வாய் ஒரு பக்கமாகத் தொங்குவதைப் பார்த்தேன். வேதாகமம் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அது திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் நாள். எங்கள் சபையில் வயதானவர்கள் அன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வருவார்கள். அதனால் எல்லாரும் பசி மயக்கம் என்றே முடிவு கட்டினோம். பின்னறையில் படுக்கவைத்து, சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, ஆராதனை முடியட்டும் என்று விசிறிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் வீணாகப் போனது. இதைப் படிக்கிறவர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன். வாய் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

"பக்கவாதம்மா. இடது பக்க மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு" என்றார் மருத்துவர். "உயிருக்கு இப்ப பயமில்ல. வலது கையும் பேச்சும் எவ்ளோ திரும்பும்னு போகப்போகத்தான் தெரியும்." பேச்சுக்கு வந்திருப்பது அஃபேசியா என்றார் (மூளை பாதிப்பால் வரும் பேச்சிழப்பு, மனதில் எண்ணம் இருக்கும், சொல் வராது).

அண்ணி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மகன் துபாயில். "அத்த, நீங்க பாத்துக்குவீங்களா?" என்று ஃபோனில் அழுதான். செங்கம் சாலையிலுள்ள என் வீட்டுக்கே அண்ணனை அழைத்து வந்தேன். அன்பினால் என்று யாரும் எண்ண வேண்டாம். வேறு ஆளில்லை.

எட்டு வருடத்துக்கு முன் என் கணவர் சேகர் மாரடைப்பில் இறந்தார். இந்துக் குடும்பத்தில் பிறந்து, தானாக விரும்பி ஞானஸ்நானம் பெற்றவர். ஆனால் அவர் பௌர்ணமிதோறும் கிரிவலம் போவதைச் சபையில் பலர் பார்த்திருந்தார்கள். உடல் வீட்டில் கிடக்கும்போது, சபைச் செயலாளராக இருந்த அண்ணன் எழுந்து நின்றார். "மலைய சுத்துறவனுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாது" என்றார். ஏன் போனார் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. சேகரை அவருடைய தம்பிகள் கீழ்பென்னாத்தூர் பக்கம் தங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

நான் சபையை விட்டுப் போகவில்லை. வீம்புதான். ஆனால் ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்தில், பிறரை மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். ஆண்டவரிடம் போய்ப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி வந்ததுதான் மிச்சம்.

அண்ணனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். "நாளைக்கு." பசிக்கிறதா என்றாலும் நாளைக்கு, மூத்திரம் வருகிறதா என்றாலும் நாளைக்கு. ஒரு மதியம் கஞ்சி ஊட்டும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏண்ணா அப்டி பண்ணீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவர் கண் கலங்கியது. "நாளைக்கு, நாளைக்கு" என்றார். எட்டு வருடமாக மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்த வாயிலிருந்து இனி அது வராது. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

பேச்சுப் பயிற்சி தர வாரம் இருமுறை ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் நஸ்ரின். "மனப்பாடமா இருக்குறது சில பேருக்கு நிக்கும்க்கா. பாட்டு, ஜெபம், எதுனா தெனம் சொல்லுவாரா? நீங்க எதிர்ல உக்காந்து சொல்லுங்க. உங்க வாயப் பாத்து கூட வருவாரு."

வந்தார். பரமண்டல ஜெபத்தின் முதல் வரி அவர் வாயிலிருந்து உருண்டு வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் காலையும் மாலையும் சொன்னோம். மூன்று வாரத்தில் பாதி ஜெபம் வந்துவிட்டது. ஆனால் அந்த மன்னிப்பு வரியில் வண்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன தள்ளினாலும் நகராது. மனசாட்சி குத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நஸ்ரின் ஒருநாள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவர் மேல தப்பில்லக்கா. அந்த எடத்துல நீங்கதான் வாய மூடிக்கிறீங்க. பாக்குறதுக்கு வாயில்லாம அவர் நிக்கிறாரு."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவரவர் ஜெபம் அவரவருக்கு என்று நினைத்திருந்தேன். என் மௌனம் இன்னொருவர் பேச்சை அடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அந்த வரியைச் சொன்னேன். மனதிலிருந்து வரவில்லை, வாயிலிருந்துதான் வந்தது. அண்ணன் என் உதட்டையே பார்த்து, குழறிக் குழறி, கூடவே சொன்னார். ஜெபம் ஆமென் வரை போனது. நான் அழுதேன். அவரும் அழுதார்.

அடுத்த பௌர்ணமிக்கு முன்பே அவர் கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். பௌர்ணமிச் சாயங்காலம் அவர் இடது பக்கம் தடி, வலது பக்கம் நான். வாசல் கேட் வரை வந்தோம். வெளியே கூட்டம் கூட்டமாய்க் கிரிவலம் போகிறார்கள். ஒரு கிழவியின் கையைப் பிடித்து, பள்ளம் மேடு சொல்லிக்கொண்டே ஒருவன் வெறுங்காலில் போனான். அண்ணன் அவர்களையே பார்த்தார். நெடுநேரம் உதடு துடித்தது.

"சே... சேகர்" என்றார்.

மன்னிப்புக் கேட்டாரா, நினைவுக்கு வந்த பெயரைச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அன்று யாரும் கேட்காததற்குப் பதில் மட்டும் சொன்னேன். "அவங்க அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுண்ணா. அதான் கையப் புடிச்சினு கூடப் போனாரு."

அவர் என் கையை இறுக்கினார். வலது கையால். அந்த விரல்களில் பிடி இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரேயடியான பதில் இல்லை. எட்டு வருடம் நான் சேகர் இறந்த அந்த ஒரே நாளில் வாழ்ந்தேன். இப்போது காலை மாத்திரை, மாலைப் பயிற்சி என்று நாள் பிரிந்திருக்கிறது. தாடை வலி குறைந்திருக்கிறது. அந்த வரி வரும்போது இன்றும் ஒரு நொடி என் வாய் தயங்கும். அண்ணன் என் உதட்டைப் பார்த்துக் காத்திருப்பார். பிறகு சேர்ந்து சொல்வோம்.