ஓடுவதைக் கெடுக்கும் அக்கா

அரியலூர் கம்ப்யூட்டர் சென்டரில் மொபைல் செயலி எழுதக் கற்றபோது, திருமானூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா என் பக்கத்தில் உட்காருவார். முன்முடி நரைத்தவர்; முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் கீபோர்டைத் தொடுவார். திரையின் தோற்றத்தை எக்ஸ்எம்எல்லிலும் வேலையை ஜாவாவிலும் எழுதி, செயலி ஓடிவிட்டால் நாங்கள் கைதட்டுவோம். அவரோ வேண்டுமென்றே ஒரு வரியை அழித்துவிட்டு, சிவப்பில் வரும் பிழைச் செய்தியை விரல்வைத்து வாசிப்பார்.

“நல்லா ஓடுறத ஏன்க்கா கெடுக்குறீங்க?” என்றேன்.

“ஓடுறப்ப அது வாயே தொறக்கலயே தம்பி. கெட்டாத்தான் பேசுது.”

சார் முன்னால் ஓட்டிக் காட்டும் நாளில் என் செயலி திறந்ததுமே மூடிக்கொண்டது. திரையெல்லாம் சிவப்பு. அக்கா எட்டிப் பார்த்தார்.

“இந்தத் திட்டு நானும் வாங்கியிருக்கேன் தம்பி. ஜாவா ஒரு பட்டனத் தேடுது, எக்ஸ்எம்எல்ல அந்தப் பேர்ல ஒண்ணும் கெடைக்கல.”

பெயரைத் திருத்தியதும் செயலி ஓடியது.

இப்போதெல்லாம் என் செயலி முதல் தடவையிலேயே ஓடிவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.