கல்வரம்பிலிருந்து பத்து அடி

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கம் போகவே கூசுகிறவன். ஆனாலும் இதை இனிமேல் எனக்குள் வைத்திருக்க முடியவில்லை...

செல்லாயி அக்காவின் சுவர் இடிபட்டதற்குக் காரணம் நான். முளையைத் தவறாக அடித்தவன் நான்!

ஊர்ப் பெயர் வேண்டாம். குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு மலையூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் நான் செயின்மேன். ஓவர்சியருக்கு டேப் பிடிப்பது, சுவர் எழும்ப வேண்டிய இடத்தைக் காட்ட முளைக்குச்சி அடிப்பது என் வேலை. துரைமார் காலத்துத் தெரு ஒன்று அங்கே உண்டு. அந்த வீடுகளின் முகப்பை யாரும் தொடக் கூடாது. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் நீட்டிக் கட்டலாம். அதுவும் சாலையிலிருந்து தெரியக் கூடாது. பின்சரிவின் கீழே முழங்கால் உயரத்தில் ஓடும் பழைய கல்வரம்பிலிருந்து பத்து அடி விட்டிருக்க வேண்டும்.

அந்தத் தெருவின் கடைசியில், முன்பு ஒரு பங்களாச் சமையல்காரர் இருந்த சின்ன வீட்டை வாங்கிக் குடிவந்தவர் செல்லாயி அக்கா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். கணவருக்கு ஜெகதளாப் பக்கம் எஸ்டேட் வேலை. வீட்டில் இருந்தது ஒரே அறை. அக்காவின் தங்கை மூன்று பிள்ளைகளோடு கப்பலில் வந்து, சிலோனிலிருந்து திரும்புகிறவர்களை முதலில் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் காத்திருந்தாள்.

"இங்க ஒரு காம்பரா இருக்குன்னு கடுதாசி காட்டுனாத்தான் தம்பி, அவள எங்ககூட விடுவாங்க. இல்லாட்டி எந்த ஊருக்கு ஏத்திவிடுவாங்களோ" என்றார். காம்பரா என்றால் அவர்கள் பேச்சில் அறை.

முளை அடிக்க நான் தனியாகத்தான் போனேன். பின்பக்கம் நல்ல சரிவு. சரிவில் டேப்பைத் தரையோடு கிடத்தி அளக்கக் கூடாது. பள்ளத்தில் ஒருவர் நின்று, முனையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, தூக்குக்குண்டு விட்டு, மட்டமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அங்கே இருந்தவர் அக்கா மட்டும்தான்.

'இதைக் கொஞ்சம் பிடிங்க அக்கா.' இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. வாயில் வரவில்லை! ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம். டேப்பின் வளையத்தைக் கல்வரம்பின் அடியில் ஓர் ஆணியில் மாட்டினேன். புல்லின்மேல் மேலே இழுத்துக்கொண்டு போனேன். பத்து அடியில் முளை அடித்தேன்.

சரிவோடு இழுத்த பத்து, மட்டத்துக்குப் பார்த்தால் பத்து வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யார் மறுபடி அளக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு அவர் கட்டினார்... அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எஸ்டேட்டில் வடிகால் வெட்டி, அணைக்கல் அடுக்கிப் பழகிய கை அது. ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அது உட்காரும் பக்கம் தெரிந்த பிறகே வைப்பார். பழைய வீட்டுக் கல்லின் நிறத்துக்கு ஓடையெல்லாம் தேடிப் பொறுக்கி வந்தார். "புதுசுன்னு தெரிஞ்சா தெருக்காரங்க மொறைப்பாங்கல்ல தம்பி" என்று சிரிப்பார். எத்தனையோ கொத்தனார்களுக்கு நான் டேப் பிடித்திருக்கிறேன். மூலைக்கல்லை அவரைப்போல் வைத்த ஒருவரையும் கண்டதில்லை. வேலை முடிந்து போகும்போது கல்வரம்புக்குக் கீழே ஒற்றையடிப் பாதையில் நின்று, குடையைச் சரிசெய்வதுபோல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுவர் தோள் உயரம் வந்தபோது ஓவர்சியர் சோதனைக்கு வந்தார். அன்று கல்வரம்பருகே நின்று, டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்தவன் நானேதான்!

"ஒம்பதுதான் வருது. ஏனுங்கம்மா, சிலோன்ல ஒரு அடிக்குப் பதினோரு அங்குலங்களா?" என்றார் ஓவர்சியர்.

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. நான் தூக்குக்குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முளைய நாங்கதான் நகட்டிப்புட்டோம் போலங்கய்யா. பிழை எங்களதுதான்."

"பிழையோ கிழையோ, பிரிச்சுத் தள்ளிக் கட்டுங்க. அப்பத்தான் கடுதாசி."

ஏன் அப்படிச் சொன்னார்? என் வேலை போய்விடும் என்று இரங்கினாரா? சிலோன்காரி சொல்லை யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டாரா? எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் நான் என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா...

சுவரைப் பிரித்தபின் மழை பிடித்துக்கொண்டது. மறுபடி கட்டி முடித்துக் கடுதாசி வாங்குவதற்குள் தங்கை குடும்பத்தை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அறையில் அக்கா விறகு அடுக்கினார். தெருவில் அவருக்குப் 'பதினோரு அங்குலம்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டே நிமிர்ந்து நடப்பார். என்னைக் கண்டால் மட்டும் நின்று, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்பார். எத்தனை வருடம்! ஒருநாள்கூட அந்தக் குரலில் குத்தல் இருந்ததில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் பேசியிருப்பீர்கள். பேசியிருப்பீர்கள்தானே?

அந்த அறை இப்போதும் இருக்கிறது. விதிப்படி, சாலையிலிருந்து தெரியாது. எனக்குத் தெரிகிறது.

சோதனை நடந்த மறுநாள் காலை புது முளை அடிக்க என்னையே அனுப்பினார்கள். சுவரில் பாதி பிரித்தாகிவிட்டிருந்தது. டேப்பைப் பிடிக்கச் சொல்லி அன்றும் நான் கேட்கவில்லை. அக்கா தாமாகக் கல்வரம்பருகே இறங்கி நின்று, டேப்பின் முனையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பத்து அடி இருந்தது. முளை அடித்துவிட்டு அலுவலகம் திரும்பினேன்.