'பரையா' என்ற சொல்லோடு ஒரகடத்தில் ஒரு காலை

போன சனிக்கிழமை ஆங்கிலப் பாடம் சொல்லித் தர ஒரகடம் போயிருந்தேன். மாணவி மின்ஜி, கொரியாக்காரர். ஆலைப் பொறியாளரின் மனைவி. ஏதோ ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார். இப்படி வீடு தேடிப் போய்ப் பாடம் எடுக்க நினைப்பவர்களுக்காக வழியையும் நடந்ததையும் எழுதுகிறேன்.

தாம்பரத்தில் 8.40 மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். 9.20க்குச் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். ஷிப்டு மாறும் நேரத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், இடமே கிடைக்காது.

"எந்த கம்பெனி மேடம்?" என்றார் ஓட்டுநர். கொரியாக்காரருக்குப் பாடம் எடுக்க என்றேன். "அவங்க பேசறதே புரியல. நீங்க இன்னாத்த சொல்லிக் குடுப்பீங்க?" என்று சிரித்தார்.

மின்ஜியிடம் கொரிய விளக்கத்தோடு ஒரு சொற்புத்தகம் இருந்தது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள், அது வந்த வழி. ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு 'பரையா' (pariah) என்ற ஆங்கிலச் சொல்லில் விரல் வைத்தார்.

"எல்லோரும் ஒதுக்கும் ஆள். மூலம் தமிழ், பறை அடிப்பவர் என்று போட்டிருக்கிறது. சரியா?" என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தத் தமிழ் மூலம்தான் என் சாதிச் சான்றிதழில் இருக்கும் சொல். தெரியாது என்று அடுத்த சொல்லுக்குத் தாவியிருக்கலாம்.

"அது என் சமூகத்தின் பெயர்" என்றேன்.

புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களை ஒதுக்குகிறார்களா?"

"சில இடங்களில்."

"அப்படியென்றால் இந்தப் பொருள் சரிதானா?"

"தேர்வுக்குச் சரி."

"உங்களுக்கு?"

"தப்பு."

சொன்ன பிறகு எனக்கே குழம்பியது. மின்ஜி பென்சிலால் அந்த வரியை அடிக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஏன் தடுத்தேன்? தேர்வில் வந்தால் மதிப்பெண் போய்விடும் என்றா? அடித்துவிட்டால் நடந்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடும் என்றா? இன்னும் விளங்கவில்லை.

அவர் அந்த வரியை விட்டுவிட்டுப் பக்கத்தில் கொரிய எழுத்தில் ஏதோ எழுதினார். என்னவென்று கேட்டேன்.

"இந்தச் சொல்லுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதினேன்."

பன்னிரண்டரைக்குக் கிளம்பினேன், அந்நேரம் ஆட்டோ சுலபமாகக் கிடைக்கும். பாடம் எடுக்கப் போகிறவர்கள் சொற்பட்டியலை முந்தின நாளே வாங்கிப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் போனேன். படித்திருந்தாலும் வேறென்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.